காட்டோரத்துக்கு எந்தத் துப்பாக்கி? புதிதாகக் கேட்பவர்களுக்குப் படிப்படியாக

போன மாதம் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் காலைச் சந்தையில் ஒரு தம்பி என்னை நிறுத்தினார். காட்டோரத்தில் அவருடைய அப்பாவுக்கு ஐந்து ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை). ராத்திரியில் பன்றி இறங்கி இளங்கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிடுகிறதாம். "அண்ணே, இடுப்புல சொருகிக்கிற மாதிரி ஒரு பிஸ்டல் வேணும். வேட்டைக்கும் ஆகணும், பாதுகாப்புக்கும் ஆகணும். நாப்பத்திநாலு மேக்னம் நல்லதா, டென் எம்எம் நல்லதா?" என்று கேட்டார். இரண்டும் பலமான கைத்துப்பாக்கித் தோட்டா வகைகள். அமெரிக்கக் காணொளிகளை நிறையப் பார்த்திருக்கிறார். கையில் மீன் பையோடு நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமா இது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

துப்பாக்கி என்றால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்துவார்கள். 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத்தின் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம் வந்தது. அது 1960இல் முடிந்தது. அதே ஆண்டில் வந்த ஆயுதச் சட்டம்தான் இன்றும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது.

உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்து பிடிபட்டால், 1971இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் கிடைக்கும். காற்றுத் துப்பாக்கியும் ஆயுதச் சட்டத்துக்குள்தான் வருகிறது. அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்து இணையத்தில் வாங்கிவிடாதீர்கள்.

கைத்துப்பாக்கி உரிமம் இங்கே மிக அரிது. பன்றி வேட்டைக்கு என்று கேட்டால் கிடைக்காது. பயிரைக் காக்க வேண்டிய தோட்டக்காரருக்குப் போலீஸ் பரிசீலிப்பது நீளத் துப்பாக்கியை, பெரும்பாலும் நாம் செனாப்பாங் பாத்தா என்று சொல்லும் மடக்குத் துப்பாக்கியை. மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் மனு கொடுக்க வேண்டும். நிலப் பத்திரம், பயிர்ச் சேதத்தின் படங்கள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் அதைத் தொடலாம். அப்பா தவறியபோது அவருடைய துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, நான் புதிதாக மனு போட்டுக் காத்திருந்தேன்.

காட்டுப்பன்றியைச் சுட பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) கொடுக்கும் வேட்டை உரிமமும் தனியாக வேண்டும். 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்குதான். யானை, புலி, கரடி மூன்றும் முழுப் பாதுகாப்பில் இருப்பவை.

இரண்டாவது படி: எந்த விலங்கு, எவ்வளவு தூரம்

துப்பாக்கிப் பெயரிலிருந்து தொடங்குகிறவர்கள் எப்போதும் தவறாகத்தான் வாங்குகிறார்கள். முதலில் எதிரே நிற்கப் போவது எது என்று பாருங்கள்.

அமெரிக்காவின் அலாஸ்காவில் மீன் பிடிக்கப் போகிறவருக்கு இரண்டு கையிலும் வேலை இருக்கும். புதரிலிருந்து பழுப்புக் கரடி வந்தால் அவருக்கு நேரமே இருக்காது. அதற்காக அவர் நெஞ்சில் உறை கட்டி ரிவால்வர் வைத்துக்கொள்கிறார். கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் .357 மேக்னம் 1935இல் வந்தது, 10 மி.மீ. ஆட்டோ 1983இல், .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2003இல். ஒவ்வொன்றும் இன்னும் பலமாக அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களுக்காக வந்தது அல்லது அவர்களால் வாங்கப்பட்டது. அவர்கள் நிலத்துக்கு அது நியாயம்.

நம் பக்கம் பன்றி 15 முதல் 30 மீட்டருக்குள் நிற்கும், அதுவும் அரை இருட்டில், செம்பனை மட்டை மறைவில். அந்தத் தூரத்தில் கைத்துப்பாக்கி எப்படி நடந்துகொள்ளும் என்று ஒரு கணக்குப் போடலாம். அதன் பின் குறிக்கும் முன் குறிக்கும் இடையே சுமார் 15 செ.மீ.தான் இருக்கும். கை நடுங்கி முன் குறி 1 மி.மீ. விலகினால், 25 மீட்டரில் குண்டு கிட்டத்தட்ட 17 செ.மீ. தள்ளிப் போகும். நீளத் துப்பாக்கியில் அந்த இடைவெளி 70 செ.மீ. என்று வைத்தால், அதே நடுக்கத்துக்கு 4 செ.மீ.கூட விலகாது. பன்றியின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடமோ ஒரு சின்ன மங்குத் தட்டு அகலம்தான். அது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக இருக்கும். கிடாப் பன்றிக்குத் தோள்மேல் தடித்த கேடயத் தோலும் உண்டு. 17 செ.மீ. தவறினால் அது குடலில் படும். குடலில் அடிபட்ட பன்றி புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டு ஆளுக்காகக் காத்திருக்கும். காட்டோரத்தில் அதைவிட ஆபத்தானது ரொம்பக் குறைவு.

பலத்தையும் பாருங்கள். 9 மி.மீ. குண்டு ஏறக்குறைய 500 ஜூல், .44 மேக்னம் ஆயிரத்துக்கு மேல். 12 போர் (போர் என்பது குழல் வாயின் அளவு, எண் கூடினால் வாய் சிறுக்கும்) துப்பாக்கியின் ஒற்றை ஈயக் குண்டு 3,000ஐத் தாண்டும். அந்தத் தம்பிக்கு நான் சொல்ல வந்தது இதுதான்: சட்டம் நமக்கு விட்டுவைத்திருக்கும் துப்பாக்கியே நம் வேலைக்கும் பொருத்தமானது.

மூன்றாவது படி: உடம்புக்குப் பொருந்துகிறதா

உரிமம் கிடைத்தவர் கடையில் செய்ய வேண்டியது இது. துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழல் காலி என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பிறகு மூடி, பாதுகாப்பான பக்கம் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றுங்கள். கன்னம் துப்பாக்கியின் பின்புறக் கட்டையில் படிந்த பிறகு கண்ணைத் திறங்கள். முன்மணி (முன் குறி) குழலின் நடுவில் நேராகத் தெரிந்தால் அது உங்களுக்கானது. கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் கட்டை நீளம் அதிகம். வெளிநாட்டு அளவில் செய்தது நம் ஆட்கள் பலருக்கு அப்படித்தான் இருக்கும். கட்டையை அறுத்துக் குறைக்க ஆயுதக் கடைக்காரர் வழி சொல்வார், நீங்களே ரம்பம் போடாதீர்கள்.

ஒற்றைக் குழலா இரட்டைக் குழலா என்று கேட்டால் ஒற்றைதான் என்பேன். எடை குறைவு, விலை குறைவு. ஒரே தோட்டாதான் என்று தெரிந்த கை அவசரப்படாது.

நான்காவது படி: தோட்டா

குழலின் அடியில் பொறித்திருக்கும் அளவைப் படியுங்கள். 70 மி.மீ. என்று இருந்தால் 76 மி.மீ. தோட்டாவைப் போடவே கூடாது. 20 போர் தோட்டாவும் 12 போர் தோட்டாவும் ஒரே பையில் இருக்கக் கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். போடவில்லை என்று நினைத்து இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போகும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான். பன்றிக்கு எஸ்ஜி எனும் பெரிய ஈயமணி போதும். 30 மீட்டருக்கு மேல் நான் சுடுவதில்லை, மணிகள் அதற்குள் பரந்துவிடும்.

ஐந்தாவது படி: பாரிட்டை (வடிகால் பள்ளத்தை) தாண்டுவது

22 வயதில் சித்தப்பாவோடும் அவருடைய கூட்டாளியோடும் போனேன். விடிகாலை, முதல் நாள் மழை. தோட்டத்துப் பாரிட்டின் மேல் ஒரு செம்பனை மட்டையைப் போட்டிருந்தார்கள். கூட்டாளி தோட்டா போட்ட துப்பாக்கியை மூடியபடியே தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். மட்டை உருண்டது. விழுந்த வேகத்தில் துப்பாக்கி வெடித்து, என் ரப்பர் பூட்ஸுக்கு ஒரு முழம் தள்ளிக் கரை மண்ணைப் பிளந்தது. சேறு முகத்தில் அடித்தது. காதுக்குள் வெகுநேரம் ஒரே இரைச்சல். சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு துப்பாக்கியையும் மடக்கித் தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

அன்றிலிருந்து பாரிட், வேலி, மேடு எது வந்தாலும் நான் முதலில் துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை வெளியே எடுப்பேன். மடக்கித் திறந்து கையில் தொங்கும் துப்பாக்கியை ஐம்பது அடி தள்ளி நிற்பவரும் பார்த்து நிம்மதியாக மூச்சு விடலாம். மடக்குத் துப்பாக்கியின் பெரிய நன்மை அதுதான்.

இருட்டில் பளபளக்கும் கண்ணைச் சுடாதீர்கள். மாடு, நாய், மூசாங் (மரநாய்) இவற்றின் கண்ணில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. பன்றிக்கு அது கிடையாது. டார்ச்சில் பளிச்சென்று மின்னினால் அது பெரும்பாலும் பன்றி இல்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவரின் தலைவிளக்காகக்கூட இருக்கலாம். முழு உடம்பும் தெரியணும், அதற்குப் பின்னால் மண்மேடு இருக்கணும். இரண்டும் இல்லையென்றால் விரல் விசைக்குப் போகக் கூடாது.

உரிமம் இல்லாதவர்களுக்கு

நம்மில் பெரும்பாலோர் இந்தக் கூட்டம்தான். பன்றிக்கும் கரடிக்கும் நாம் வருவது முன்கூட்டியே தெரிந்தால் அவை பெரும்பாலும் விலகிவிடும். பேசிக்கொண்டே போங்கள், இரண்டு பேராகப் போங்கள், விடியும் முன் தனியாகப் பெலுக்கார் (புதர்க்காடு) ஓரம் போகாதீர்கள். புதருக்குள் ஒடித்த இளங்கன்றுகளைக் குவித்து வைத்த மாதிரி ஒரு மேடு தெரிந்தால் அது பன்றி குட்டி போடக் கட்டிய கூடு. அப்படியே வந்த வழியில் திரும்புங்கள். புலியைப் பார்த்தால் ஓடாமல், முதுகைக் காட்டாமல் பின்னால் நகருங்கள். யானைத் தடம் புதிதாக இருந்தால் அன்றைக்கு அந்தப் பக்கம் வேலை வேண்டாம். மண்டோரிடமும் (தோட்ட மேற்பார்வையாளர்) பெர்ஹிலித்தானிடமும் சொல்லுங்கள்.

அந்தத் தம்பியை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தார். காலித் துப்பாக்கியை என் கையிலேயே வைத்துக்கொண்டு மடக்கிக் காட்டினேன், அவரிடம் கொடுக்கவில்லை. பிறகு அவருடைய ஐந்து ஏக்கரைச் சுற்றிப் பார்த்தோம். பன்றி இறங்குவது ஒரே இடத்தில்தான், பாரிட் சரிந்த மூலையில். அங்கே முதலில் கம்பிவலை அடிக்கலாம் என்று முடிவு செய்தோம். உரிமத்துக்கான மனுவுக்காகச் சேதமான கன்றுகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.