பிரெயிலைக் கைவிடாதீர்கள்: பார்வையற்றோர் பள்ளிக்கு வரும் புதிய ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டேன். இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர், பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடம் முழுவதையும் தம் குரலில் பதிவுசெய்து மாணவர்களின் செல்பேசிகளுக்கு அனுப்பிவிட்டதாக மகிழ்ச்சியோடு வந்து சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பணிக்கு வந்த புதிதில் நான் ஒலிநாடாவில் செய்ததை அவர் செல்பேசியில் செய்திருக்கிறார்.

கரும்பலகையைக் காட்டி "இங்கே பாருங்கள்" என்பது, வகுப்புக்குள் நுழைந்ததும் யார் வந்திருப்பது என்று சொல்லாமல் நிற்பது போன்றவற்றை நான் எழுதப் போவதில்லை. பிள்ளைகளே ஒரே வாரத்தில் உங்களைத் திருத்திவிடுவார்கள்.

எழுத்தை எண்ணாக ஒப்பிக்க வைப்பது

விரலால் தடவிப் படிக்கும் பிரெயிலில் ஒவ்வோர் எழுத்தும் ஆறு புள்ளிக் கட்டத்தில் சில புள்ளிகள் மேடாக இருப்பதுதான்; இடப்பக்கம் மேலிருந்து 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6 என்று அவற்றுக்கு எண் உண்டு. க என்றால் 1-3, ல என்றால் 1-2-3 என்று கடகடவென ஒப்பிக்கும் குழந்தை, அதே எழுத்து விரலுக்கடியில் வரும்போது திகைத்து நிற்கும். எண் வாய்க்குப் பாடமாகியிருக்கிறது, விரலுக்கு ஆகவில்லை. நாம் அச்செழுத்தில் பழகியதை அப்படியே திணிப்பதும் இதே வகைத் தவறுதான். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951இல் உருவான பாரதி பிரெயிலில் கொம்பும் காலும் கிடையாது. 'கொ' எழுத முதலில் க, அடுத்து ஒ. மெய்யெழுத்தின் புள்ளியோ எழுத்துக்கு முன்னால் வரும். "கொம்பு போடு" என்று ஓர் ஆசிரியர் சொல்ல, ஆறு வயதுச் சிறுமி புள்ளி குத்தும் ஸ்டைலஸைக் கையில் பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளையின் கையைப் பிடித்து இழுப்பது

எதையாவது தொட்டுக் காட்டும்போது உங்கள் கை கீழே, பிள்ளையின் கை மேலே.

காதுக்கு மட்டும் பாடம் நடத்துவது

இந்தத் தவறு கண்ணில் படும்போதெல்லாம் இன்றும் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் பாதி என் மீதே.

ஒன்பதாம் வகுப்பை எட்டும்போது பாடம் பெருகிவிடும். அச்சில் ஒரே புத்தகமாக இருக்கும் பாடநூல் பிரெயிலில் பல தொகுதிகளாக விரியும். தூக்குவது பாரம், விரலால் தடவிப் படிப்பது மெதுவான வேலை, பொதுத்தேர்வோ நெருங்குகிறது. ஆசிரியர் வாசித்துப் பதிவுசெய்து கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் சுலபம். மாணவன் பத்து முறை கேட்டு மனத்தில் ஏற்றிக்கொள்கிறான். தேர்வில் சொல்வதை எழுதுபவர் இருக்கிறார், கூடுதல் நேரம் இருக்கிறது. மதிப்பெண் நன்றாகவே வரும். அதனால்தான் இந்தத் தவறு யார் கண்ணிலும் படுவதில்லை. மாணவன் 'பழம்' என்பதைப் 'பலம்' என்று நினைத்துக்கொண்டு சொன்னாலும், எழுதுபவர் சரியாகவே எழுதிவிடுகிறார். அந்தப் பிழை தேர்வுத்தாளுக்கு வருவதே இல்லை.

என்னிடம் படித்த ஒருவன் அப்படித்தான் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்றுப் போனான். கல்லூரி முடித்தபின், திரைவாசிப்பான் துணையோடு தானே தட்டச்சு செய்த விண்ணப்பக் கடிதத்தை எனக்கு அனுப்பி, "ஒருமுறை பாருங்கள் ஐயா" என்றான். "எனக்கு ஒரு வேளை கொடுத்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தான். கடிதம் முழுக்க ல, ள, ழ குழம்பிக் கிடந்தன. ரகர றகரமும் அப்படியே. திரைவாசிப்பான் அவனுக்கு அதை வாசித்துக் காட்டியிருக்கிறது. வேலையும் வேளையும் அவன் காதுக்கு ஒன்றாகவே ஒலித்திருக்கின்றன. அவன் அறிவில் குறையில்லை. ஐந்து ஆண்டுகள் அவன் விரலுக்கு நான் எழுத்தைக் காட்டவே இல்லை.

பிரெயிலில் ல என்பது கட்டத்தின் இடப்பக்க மூன்று புள்ளிகள். ள வலப்பக்க மூன்று. ழ-வுக்கு ஐந்து புள்ளிகள். நம் ஊர்ப் பேச்சில் மூன்றும் கலந்து போகலாம், விரலில் கலக்காது. பார்வையுள்ள பிள்ளைக்குக் கடைப் பலகையும் பஸ்ஸின் நெற்றியும் நாள்தோறும் எழுத்துக்கூட்டலைக் கற்றுக்கொடுக்கின்றன. நம் பிள்ளைக்குப் பிரெயில் தாளை விட்டால் வேறு இடமில்லை. பார்வையற்றோருக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் கல்வி தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஒலிப்பதிவை அனுப்பிவிட்டால் அந்தக் கடமை முடிந்துவிட்டது என்று நான் ஏற்கமாட்டேன்.

ஒலிப்பதிவே கூடாது என்று சொல்லவில்லை. வரலாற்றுப் பாடத்தைத் திரும்பக் கேட்க அதைவிட நல்ல வழியில்லை. மொழிப்பாடத்தை மட்டும் அதனிடம் விட்டுவிடாதீர்கள். நாள்தோறும் ஒவ்வொருவரும் ஒரு பக்கமாவது விரலால் வாசிக்கட்டும். ஐந்து வரி சொல்லி, தாள் செருகிய பிரெயில் சிலேட்டில் எழுத வையுங்கள். அந்தத் தாளை அன்றே திருத்துங்கள். பதினோராம் வகுப்பிலும் இது தொடர வேண்டும். "பெரிய பையன்களுக்கு எதற்கு ஐயா சொல்வதெழுதுதல்?" என்று கேட்பார்கள். அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

செவித்திறன் குறையுடையோர் பள்ளியில் பணியாற்றும் என் தோழி இதற்கு இணையான ஒன்றைச் சொல்வார். கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாகப் பார்த்து எழுதும் பிள்ளையிடம், அதன் பொருளைச் சைகையில் கேட்டால் பதில் இருக்காதாம். நோட்டு அழகாக இருப்பதால் பெற்றோரும் மேலதிகாரிகளும் பாராட்டிவிட்டுப் போகிறார்கள்.

மங்கலாகத் தெரியும் பிள்ளையைக் கவனிக்காமல் விடுவது

சிலர் பிரெயில் புள்ளிகளைக் கண்ணாலேயே படிப்பார்கள். முகம் தாளை ஒட்டிக் குனிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். அந்தப் பிள்ளைக்குப் பெரிய எழுத்து அச்சு போதுமா, பிரெயிலும் வேண்டுமா என்பதைக் கண் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தொட்டுக் கணக்குப் போடும் டெய்லர் சட்டகத்தை எட்டாம் வகுப்போடு மூடி வைப்பது

வேண்டாம். கணக்கையும் மனப்பாடமாக்கிவிடுவீர்கள்.

சொல்வதை எழுதுபவரோடு பழகாமல் தேர்வுக்கு அனுப்புவது

பொதுத்தேர்வன்று யார் எழுத வருவார் என்பது நம் கையில் இல்லை. ஆகவே அரையாண்டுக்குள் வெவ்வேறு ஆட்களிடம் சொல்லிப் பழக வையுங்கள். பத்தி எங்கே பிரிகிறது, அடிக்கோடு எங்கே என்பதையும் மாணவனே சொல்ல வேண்டும்.

பிரெயில் புத்தகங்களைப் படுக்கவைத்து அடுக்குவது

புள்ளிகள் அமுங்கிவிடும். நிறுத்தி வையுங்கள்.