ஃப்ளேக் பைப் புகையிலைய பதமா காய வைக்கிறது எப்படி: ராயபுரம் கடல் காத்துல கத்துக்கிட்டது

பைப்பு பத்த வச்சா ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா அணையுது, நாக்கு நுனி மொளகா கடிச்ச மாதிரி எரியுது, இழுக்குறப்ப அடியில கொளகொளன்னு சத்தம் கேக்குது, அப்புறம் கசப்பா ஒரு தண்ணி வாய்க்கே வந்துடுது. ஃப்ளேக்குங்கற, அழுத்தி பட்டையா சீவுன புகையிலைய டின்னுலருந்து எடுத்த கையோட பைப்புல அடைச்சா இதுதான் நடக்கும். புதுசா ஆரம்பிக்கிறவங்க நெறைய பேரு பைப்புதான் சரியில்லன்னு நெனச்சு இன்னொரு பைப்பு வாங்கிடுறாங்க. பைப்புல ஒரு கோளாறும் இருக்காதுங்க, புகையில ஈரமா இருக்கு.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். இது ஏற்கனவே பைப்பு பிடிக்கிற, 18 வயசு தாண்டுனவங்களுக்கு. பழக்கமே இல்லாதவங்க இதப் படிச்சுட்டு ஆரம்பிக்காதீங்க. பைப்பு புகைய நெஞ்சுக்குள்ள இழுக்காம வாயோட விட்டாலும் வாய், தொண்டை கேன்சருக்கு வழி இருக்கு, நிக்கோட்டினும் பிடிச்சுக்கும். காய வைக்கிறதால ருசி நல்லா வரும், எரிச்சல் கொறையும், கெடுதல் கொறையாது.

வெளிநாட்டுக்காரங்க இதப் பத்தி எழுதுறதப் படிச்சா, ராத்திரி ஒரு தட்டுல பரப்பி வச்சிட்டு தூங்குங்க, காலையில ரெடியா இருக்கும்னு சொல்லுவாங்க. குளிருக்கு ஹீட்டர் போட்டு வீட்டுக் காத்து காஞ்சு கெடக்குற ஊருக்கு அது சரி. எங்க வீடு ராயபுரம், காசிமேடு மீன்பிடி துறைமுகம் நடந்து போற தூரம்தான், இங்க நவம்பர் மாசத்துல ராத்திரி பூரா வெளிய வச்சீங்கன்னா காலையில வச்ச ஈரம் வச்சபடியே இருக்கும், சில நாள் கூடியே இருக்கும். புகையில உப்பு மாதிரி, காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கும். அதனால நம்ம ஊருல கடியாரத்தப் பாத்து காய வைக்க முடியாது, காத்தப் பாத்துதான் காய வைக்கணும். இத முழுசா புரிஞ்சுக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

ஃப்ளேக்குன்னா என்னன்னு சுருக்கமா பாத்துடலாம். எலையோட நடு நரம்ப எடுத்துட்டு, அடுக்கி, பெரிய பிரஸ்ஸுல வச்சு அழுத்துவாங்க, சில எடத்துல சூடும் ஆவியும் சேத்துக் குடுப்பாங்க, எல்லா எலையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு ஒரே கட்டியா ஆயிடும், அத மெல்லிசா சீவுனா வர்ற பட்டைதான் ஃப்ளேக். அழுத்தி வச்ச புளியக் கத்தியால சீவுன மாதிரி இருக்கும். கப்பல்காரங்க எலைய ரம்முல நனைச்சு கயித்தால இறுக்கிக் கட்டி வச்சு, வேணும்ங்கறப்ப ஓரத்துலருந்து வெட்டி பிடிச்சாங்களாம், அதுலருந்துதான் நேவி கட்டுங்கற பேரு வந்துச்சுன்னு சொல்லுவாங்க. கேப்ஸ்டன் நேவி கட் டின்னப் பாத்திருப்பீங்க, கேப்ஸ்டன்னா கப்பல்ல நங்கூரக் கயித்த சுத்தி இழுக்கிற உருளை, ஹார்பர்ல வேல செஞ்சவங்க வீட்டுல கேட்டா தெரியும். ஃப்ளேக்குல முக்கால்வாசி வர்ஜீனியா எலைதான். ஆந்திரா, மைசூர் பக்கம் விளையுதே, அதே வகை, கொட்டகைக்குள்ள தொங்க விட்டு குழாய் வழியா சூடு ஏத்தி சில நாள்ல காய வச்சுடுவாங்க, அதனால எலையில இருக்கிற சக்கர அப்படியே தங்கிடும். அந்தச் சக்கரதான் ருசி. ஈரத்தோட சேந்து எரிஞ்சா நாக்கப் பதம் பாக்குறதும் அதேதான், ஏன்னா தண்ணி ஆவியா மாறி சூட்ட நேரா நாக்குக்குக் கொண்டு வருது, அணையாம இருக்க நீங்க வேகமா இழுப்பீங்க, இழுக்க இழுக்க இன்னும் சூடாவும்.

டின்னுல வர்றப்ப அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் கூட தண்ணி இருக்கலாம். பிடிக்கிறதுக்கு சுமாரா 12லருந்து 14 சதவீதம் இருந்தா போதும். இங்கிலாந்துல கெண்டல்ல செய்யுற சாமுவேல் காவித் ஃபுல் வர்ஜீனியா ஃப்ளேக் மாதிரி சிலது நல்லா ஈரமா வரும், அதுக்கெல்லாம் பொறுமை வேணும். சிலதுல ஈரம் போவாம இருக்க புரோப்பிலீன் கிளைக்கால்னு ஒண்ணு சேத்திருப்பாங்க, அது காஞ்சாலும் கையில பிசுபிசுன்னுதான் இருக்கும், அந்த வகைய காய வச்சுக்கினே இருக்காதீங்க, கொஞ்ச நேரத்துல எடுத்து பத்த வச்சுப் பாத்துடுங்க.

முதல் வேலை: எவ்வளவு எடுக்கணும்

டின்னுல இருக்கிறத மொத்தமா காய வைக்காதீங்க. இன்னைக்கு பிடிக்கப் போறத மட்டும் எடுங்க, நடுத்தரமான பைப்புக் குழிக்கு ரெண்டு மூணு கிராம் போதும், நீளமான பட்டையா இருந்தா ஒரு பட்டையே போதும். பட்டைய ஓரத்துலருந்து கிழியாம உரிச்சு எடுங்க. எடுக்குறப்பவே வெளிச்சத்துல பாருங்க. மேல சின்னச் சின்னதா மின்னுற மாதிரி வெள்ளையா இருந்தா அது நாள்பட்ட புகையிலையில வர்ற படிகம், நல்லதுதான். பஞ்சு மாதிரி, நூலு நூலா வெள்ளையோ பச்சையோ இருந்து, மூடி வச்ச ஈரத் துணி நாத்தம் அடிச்சா அது பூஞ்சை, யோசிக்காம டின்னோட தூக்கிப் போட்டுடுங்க.

ரெண்டாவது: பிரிக்கிறது

இங்கதான் எங்க ஆயா சொன்னது ஒதவும். ஆயா காசிமேட்டுல கருவாடு போட்டவங்க. நெத்திலிய அப்படியே மணல்ல பரப்பிடுவாங்க, ஆனா வஞ்சிரம், பாறை மாதிரி சதை தடிப்பான மீனுன்னா முதுகப் பொளந்து விரிச்சு உப்பு தேச்சுதான் போடுவாங்க. நான் சின்ன வயசுல ஒண்ணத் தொட்டுப் பாத்து "ஆயா, காஞ்சிடுச்சு"ன்னு சொன்னா, "மேல காஞ்சா காஞ்சதில்லடா கண்ணு, முள்ளு கிட்ட காயணும்"னு சொல்லி திருப்பிப் போடுவாங்க. ஃப்ளேக்கும் அப்படித்தான். அழுத்தி ஒட்டுன பட்டையில மேல்பக்கம் அர மணி நேரத்துல காஞ்ச மாதிரி தெரியும், நடுவுல ஈரம் அப்படியே ஒக்காந்திருக்கும், பாதிக் குழி எரிஞ்சதும் அந்த ஈரம் வெளிய வரும். அதனால மொதல்ல பிரிக்கணும், அப்புறம்தான் காய வைக்கணும்.

புதுசா பண்றவங்க முழுசா தேச்சுப் பிரிக்கிறதுலயே ஆரம்பிங்க. பட்டைய உள்ளங்கையில வச்சு இன்னொரு உள்ளங்கையால மெதுவா வட்டமா தேயுங்க, மருதாணி எலைய கையில கசக்குற அளவுக்குதான் அழுத்தம், ஜாஸ்தி அழுத்துனா தூளாயிடும். நூலு நூலா பிரிஞ்சு வரும், கட்டி கட்டியா நிக்கிறத மட்டும் வெரலால பிச்சு விடுங்க. இப்படிப் பிரிச்சது சீக்கிரம் காயும், சுலபமா பத்தும், ஆனா கொஞ்சம் வேகமா எரியும்.

கை பழகுனதுக்கு அப்புறம் மடிச்சுத் திணிக்கிற முறைக்குப் போங்க. பட்டைய நீளவாக்குல ஒரு மடிப்பு, குறுக்கால ஒரு மடிப்பு, லேசா ஒரு முறுக்கு, நார் மேலயும் கீழயும் ஓடுற மாதிரி குழியில எறக்கணும். மெதுவா, குளுமையா, ரொம்ப நேரம் எரியும், என்னோட விருப்பம் இதுதான். ஆனா பிரிக்காத பட்டைங்கறதால மடிக்கிறதுக்கு முன்னாடியே விரிச்சு வச்சு ரெண்டு மூணு மணி நேரம் காய விடணும், நடுவுல ஒருக்கா திருப்பிப் போடணும். கத்திரியால சின்னச் சின்ன சதுரமா வெட்டிப் போடுறவங்களும் இருக்காங்க, அதுவும் நல்லாத்தான் எரியும்.

மூணாவது: காத்து

வெயில்ல வைக்காதீங்க. கருவாடு, வடாம் எல்லாம் மொட்ட மாடி வெயில்ல காஞ்சாதான் ஆச்சு, புகையிலைக்கு வெயில் பட்டா வாசனை பறந்துடும், வைக்கோல் மாதிரி ஆயிடும். நெழல்ல, காத்து ஓடுற எடத்துல, ஒரு எவர்சில்வர் தட்டுல வெள்ளக் காகிதம் போட்டு ஒரே படுக்கையா பரப்புங்க. நியூஸ் பேப்பர் வேணாம், மை வாசனை ஏறும். ஃபேன் நேரா மேல அடிக்க வேணாம், பறந்துடும். சமையக்கட்டு பக்கமே போவாதீங்க, மீன் வறுக்குற வாசனைய அஞ்சு நிமிஷத்துல பிடிச்சுக்கும்.

எப்ப வைக்கிறதுங்கறதுதான் இங்க பெரிய விஷயம். மே மாசத்துலருந்து ஜூலை வரைக்கும் காலையில மேக்கத்திக் காத்து அடிக்கும், சூடான வறண்ட காத்து, ஒம்போது மணிக்கு மேல ஆரம்பிச்சு கடல் காத்து எறங்குற வரைக்கும் அருமையான நேரம், தேச்சுப் பிரிச்சது இருபது நிமிஷம், அர மணியில பதத்துக்கு வந்துடும். மத்தியானம் எப்பயோ ஒரு நேரத்துல காத்து கெழக்கால திரும்பும், கடலுக்குக் கிட்ட இருக்கிறதால ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் நமக்குத்தான் மொதல்ல வரும், தோல் மேல பிசுபிசுப்பு தெரிஞ்சா வந்துடுச்சுன்னு அர்த்தம். அப்ப தட்ட உள்ள எடுத்துடுங்க, அதுக்கு மேல வச்சா காயுறது நின்னு போயி திரும்ப ஈரம் ஏற ஆரம்பிச்சுடும். வியாசர்பாடி, பெரம்பூர்ல இருக்கிறவங்களுக்கு கொஞ்சம் கூடுதலா நேரம் கெடைக்கும்.

அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் வெளிக்காத்த நம்பாதீங்க. வீட்டுல ஏசி இருந்தா அதுதான் நல்லது, ஏசி காத்துல இருக்கிற ஈரத்த உறிஞ்சிடும், கதவ சாத்தி ஓட விட்ட ரூம்ல ஒரு மணி நேரம் வச்சா வேல முடிஞ்சுது. ஏசி இல்லாதவங்க செட்டாப் பாக்ஸ் மேல ஒரு சின்னத் தட்டு வச்சுப் பாருங்க, அந்த எளஞ்சூடு போதும், அரை மணிக்கு ஒருக்கா போயிக் கிளறி விடுங்க. இல்லன்னா ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலஞ்ச ஒரு மூடி போட்ட டப்பாவுல போட்டு, மேல டிஷ்யூ விரிச்சு, அதுல புகையிலைய வச்சு மூடிடுங்க, பொட்டலத்தப் பிரிக்காதீங்க. மைக்ரோவேவ், ஹேர் டிரையர், தோசைக்கல்லு எதுவும் வேணாம். நான் ஒரு மழைக்காலத்துல அவசரப்பட்டு சூடான தோசைக்கல்லுல போட்டேன், ஓரமெல்லாம் கருகி, கருகுன சக்கர வாசனை தவிர வேற ஒண்ணும் மிஞ்சல.

நாலாவது: பதம் பாக்குறது

கட்ட வெரல், ஆள்காட்டி வெரல், நடு வெரல் மூணாலயும் ஒரு சிட்டிக எடுத்து அழுத்தி விடுங்க. அழுத்துன வடிவத்துலயே கட்டியா நின்னுச்சுன்னா இன்னும் ஈரம். மெதுவா விரிஞ்சு பழைய மாதிரி ஆனா சரியான பதம். மொறுமொறுன்னு சத்தம் வந்து தூள் உதுந்தா காஞ்சது ஜாஸ்தி. இன்னொரு வழி, கொஞ்சத்த மேலுதட்டுல வச்சுப் பாருங்க, ஜில்லுன்னு இருந்தா உள்ள ஈரம் இருக்கு, வெரலுக்குத் தெரியாத ஈரம் ஒதட்டுக்குத் தெரியும். முழுப் பட்டையா வச்சிருந்தா மடிச்சுப் பாருங்க, தோலு மாதிரி மடங்குனா ஈரம், மடிப்புல ரெண்டு நாரு மட்டும் பிரிஞ்சு நின்னா பதம், படக்குன்னு ஒடஞ்சா போச்சு.

புதுசா பண்றவங்க இந்தப் பதத்துக்கு ரொம்ப முன்னாடியே நிறுத்திடுறாங்க, வாசனை போயிடுமோன்னு பயம். என் அனுபவத்துல, போதும்னு தோணுனதுக்கு அப்புறம் இன்னொரு பத்து நிமிஷம் விட்டா சரியா வரும். ஒருவேள ஜாஸ்தி காஞ்சாலும் பயப்பட ஒண்ணும் இல்ல, சாயங்காலம் ஜன்னல் ஓரம் வச்சா கடல் காத்தே ஈரத்த திருப்பிக் குடுத்துடும். டின்னுக்குள்ள உருளக்கெழங்குத் துண்டு, ஆப்பிள் துண்டு போடச் சொல்லுவாங்க, நம்ம ஊரு சூட்டுக்கு ரெண்டே நாள்ல பூஞ்சை வந்துடும், போடாதீங்க.

அடைக்கிறதும் பத்த வைக்கிறதும்

குழி நெறைய இறுக்கி அடைக்காதீங்க, ஃப்ளேக்கு சூடு பட்டா உப்பி எழும், அதுக்கு எடம் விடணும். கீழ லேசா, மேல கொஞ்சம் இறுக்கமா. பத்த வைக்காமலே ஒருக்கா இழுத்துப் பாருங்க, ஸ்ட்ரால ஜூஸ் குடிக்கிற மாதிரி லேசா தடை இருந்தா சரி, ரொம்ப இறுக்கமா இருந்தா கொட்டிட்டு திரும்ப அடைங்க. மடிச்சுத் திணிச்சிருந்தா மேல மட்டும் தேச்சுப் பிரிச்ச நூலு கொஞ்சம் தூவுங்க, அதுதான் தீய பிடிச்சுக் கீழ எறக்கும். தீக்குச்சின்னா மரக்குச்சி வாங்குங்க, மெழுகுக் குச்சி வாசனை உள்ள போவும். மருந்து எரிஞ்சு முடியுற வரைக்கும் ஒரு செகண்டு விட்டு, வட்டமா காட்டுங்க. மொத தடவ பத்துனதும் மேல எழும்பும், ஹார்டுவேர் கடையில கெடைக்கிற தட்டத் தலை ஆணியால லேசா அமுக்கி விட்டு ரெண்டாவது தடவ பத்த வைங்க. அப்புறம் மெதுவா, மூச்சு விடுற வேகத்துல. பைப்ப கன்னத்துல வச்சுப் பாத்தா சூடு தாங்கலன்னா கீழ வச்சுடுங்க, அணைஞ்சா அணையட்டும்.

மிச்சம் இருக்கிறத பாதுகாக்குறது

டின்னு ஒருக்கா தொறந்தா திரும்ப சரியா மூடாது. ரப்பர் வளையம் வச்ச மூடி போட்ட கண்ணாடி பாட்டில் புதுசா ஒண்ணு வாங்கி, கழுவி, நல்லா காய வச்சு அதுல போடுங்க. பழைய ஊறுகா பாட்டில் வேணாம், எத்தன தடவ கழுவுனாலும் மூடியில வாசனை நிக்கும். மழைக்காலத்துல டின்ன சரியா மூடாம மர பீரோவுல வச்சுட்டு ஒரு மாசம் மறந்து போனதுல எங்க பெரியப்பா கப்பல்லருந்து எனக்குன்னு கொண்டு வந்த டின்னு ஒண்ணு முழுசா பூஞ்சை பிடிச்சுப் போச்சு, அவரு ஓய்வு வாங்குனதுக்கு முன்னாடி கடைசியா வாங்கிட்டு வந்தது அது. பாட்டில்ல போட்ட தேதிய ஒரு சீட்டுல எழுதி ஒட்டுங்க, வெளிச்சம் படாத எடத்துல வைங்க, அக்டோபர்லருந்து பொங்கல் வரைக்கும் வாரம் ஒருக்கா தொறந்து மோந்து பாத்துட்டு மூடுங்க.