கொழிஞ்சாம்பாறையிலிருந்து டைரக்‌ஷனுக்கு

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் பையன்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, டைரக்டர் ஆகணும்னா கொச்சிக்குப் போகட்டுமா, சென்னைக்குப் போகட்டுமா?" பஸ் ஏறுவதெல்லாம் அப்புறம், முதலில் பத்து சீன் எழுதிக்கொண்டு வா என்பேன். பாதிப் பேர் அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கமே வருவதில்லை.

கேமராவுக்குத் தெரிவதையும் மைக்குக்குக் கேட்பதையும் மட்டும் எழுதுங்கள். உதவி இயக்குநராகச் சேர்ந்த புதிதில் நான், "அப்பாவுக்கு மகன் மேல் இன்னும் கோபம் தீரவில்லை" என்று சீன் பேப்பரில் எழுதிக் கொடுத்தேன். டைரக்டர் படித்துவிட்டு, "இதுல கேமராவை எங்கப்பா வைக்கிறது?" என்றார். ராத்திரி உட்கார்ந்து மாற்றினேன்: "மகன் வந்து திண்ணையில் உட்காருகிறான். அப்பா ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்." மறுநாள் ஆர்ட் டிபார்ட்மென்ட் பழைய ரேடியோ தேடக் கிளம்பிவிட்டது. வேலை வாங்கும் சீன் என்றால் அதுதான்.

வசனத்துக்கு நம் ஊரே போதும். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம். மனுவோடு நிற்கும் ஆள் எந்தச் சொல்லில் மொழி மாறுகிறார் என்று காது கொடுங்கள். கெஞ்சும்போது மலையாளம் பேசுகிறவர், கோபம் வந்தால் தமிழுக்குத் திரும்பிவிடுவார்.

பிறகு மூன்று வழி: உதவியாளராகச் சேர்வது, திரைக்கதை எழுதுவது, படித்து வருவது. பாக்யராஜ், பாரதிராஜாவிடம் உதவியாளராக இருந்துவிட்டு 1979-ல் முதல் படத்தை இயக்கினார். நம் பாலக்காடு மாவட்டத்துக் கூடல்லூர்க்காரர் எம்.டி. வாசுதேவன் நாயர் 1965-லிருந்து திரைக்கதை எழுதி, 1973-ல்தான் இயக்குநரானார். படித்து வர ஆசையென்றால் சென்னைத் தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கிறது, கோட்டயம் மாவட்டத்தில் கே.ஆர். நாராயணன் இன்ஸ்டிடியூட் இருக்கிறது.

நான் போனது உதவியாளர் வழி. முதல் வருஷம் கிளாப், கன்டினியூட்டிதான். டீ கிளாஸில் டீ எவ்வளவு இருந்தது, சட்டைக் கை எதுவரை மடித்திருந்தது என்று ஷாட்டுக்கு ஷாட் குறிக்க வேண்டும். பேட்டா, அதாவது தினப்படி, சில நாள் வரும், சில நாள் வராது. கையில் ஆறு மாத வாடகை வைத்துக்கொண்டு போங்கள்.

கதையைப் பதிவு செய்யாமல் யாரிடமும் சொல்லாதீர்கள். ஒரு ஆபீஸில் வாய்வழியாக ஒன்லைன், அதாவது ஒரு வரிக் கதை, சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வருஷம் கழித்து அதே கருவை தியேட்டரில் டிக்கெட் வாங்கிப் பார்த்தேன். வாய் திறக்க வழியில்லை: கருவுக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது. ஆகவே முழு ஸ்கிரிப்டையும் எழுதி முடித்துப் பதிவு செய்யுங்கள். டெல்லி பதிப்புரிமை அலுவலகத்துக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.

கடைசியில் கதை சொல்லும் நாள். தயாரிப்பாளரிடம் போவதற்கு முன் பேப்பரைப் பார்க்காமல் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் அவர் அடுப்பைப் பார்க்க எழுந்து போகிறாரோ, அந்த சீன் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்.