கோடு (நிரல்) தெரிந்தாலே ஓப்பன் சோர்ஸா?

மன்னார்குடி பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு நெல் கொள்முதல் கணக்கு மென்பொருள் அமைத்துக்கொண்டிருந்தோம். கூட வேலை பார்க்கும் தம்பி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரு மென்பொருளைப் பிடித்து, இரண்டே நாளில் ஓடவும் வைத்துவிட்டான். "லைசென்ஸ் பாத்தியா?" என்றேன். "கோடுதான் முழுசா கெடக்குதேண்ணே, ஓப்பன் சோர்ஸ்தான்" என்றான்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் யாரும் எந்த வேலைக்கும் ஓட்டலாம், திருத்தலாம், பகிரலாம் என்று உரிமமே சொல்ல வேண்டும். லைசென்ஸ் (உரிமம்) கோப்பைத் திறந்தால் முதல் வரியே பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸ் 1.1. இதில் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், சோதித்துப் பார்க்கலாம். நிஜத் தொழிலில் ஓட்டுவதற்கு 'அடிஷனல் யூஸ் கிராண்ட்' (கூடுதல் பயன்பாட்டு அனுமதி) என்ற வரிதான் எல்லை. எங்களுடையதில் அந்த வரிக்கு எதிரே 'நன்' (எதுவுமில்லை) என்று ஒரே சொல். அதாவது, காசு கட்டித் தனி உரிமம் வாங்காமல் ஆலையில் ஓர் எடைச்சீட்டுகூடப் போடக் கூடாது. வரப்பில் நின்று யாரும் பார்க்கலாம், அறுக்கத்தான் முடியாது.

கீழே 'சேஞ்ச் டேட்' (உரிமம் மாறும் நாள்) என்றொரு தேதி. அந்த நாளோ, அந்தப் பதிப்பு வெளியாகி 4 வருஷமோ, எது முந்துகிறதோ அன்றைக்கு அது ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடும். இது பதிப்புக்குப் பதிப்பு தனிக்கணக்கு. புதுப் பதிப்புக்குத் தாவினால் மறுபடி காத்திருக்க வேண்டியதுதான்.

காசையும் இதில் போட்டுக் குழப்புவார்கள். ஓப்பன் சோர்ஸை விற்கலாம். ஓப்பன் சோர்ஸ் நிறுவனமான ரெட் ஹாட் வாடிக்கையாளரிடம் சந்தா வாங்கியே வளர்ந்தது. எது ஓப்பன் சோர்ஸ் என்று வரையறுக்க, 1998இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு வைத்திருக்கும் 10 விதிகளில் ஆறாவது, எந்தத் தொழிலுக்கும் தடை போடாதே என்கிறது. ஆகவே 'வணிகத்துக்கு அல்ல' என்று ஒரு வரி இருந்தால், சும்மா கொடுத்தாலும் அது ஓப்பன் சோர்ஸ் இல்லை.

போன வருஷம் பார்த்த லைசென்ஸை இந்த வருஷமும் நம்பாதீர்கள். சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்ம் என்ற மென்பொருள் 2023 ஆகஸ்டில் பிசினஸ் சோர்ஸுக்கு மாறியது. பழைய பதிப்புகள் பழைய உரிமத்திலேயே இருந்ததால் அதிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் கிளைத்தது. தரவுகளைச் சேமிக்கும் ரெடிஸ் மென்பொருள் 2024இல் ஓப்பன் சோர்ஸை விட்டு விலகி, 2025இல் ஏஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது! லைசென்ஸ் கோப்பே இல்லாவிட்டால்? தொடவே வேண்டாம். முழு உரிமையும் எழுதியவருக்குத்தான்.

குறுவை அறுவடைக்குப் பத்து நாள்கூட இல்லை. ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் உள்ள வேறொரு மென்பொருளை எடுத்துத் திருத்தி ஓட்டினோம். ஆலைக்காரரிடம் ஒப்படைக்கும்போது திருத்திய நிரலையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தோம். ஜிபிஎல் கேட்பது அதைத்தான். "இது எனக்கெதுக்கு தம்பி?" என்றவர், பத்திரமாகக் கல்லாவில் போட்டுப் பூட்டினார்.