கைப்பிடிக் கம்பி கடைசியில்தான்

மாதிரி ரயிலில் என் முதல் நுணுக்க வேலை ஒரு திறந்த சரக்கு வேகனில் நடந்தது. பதினைந்து சென்டிமீட்டர் நீளம். வார்ப்பிலேயே தடித்துக்கிடந்த பிளாஸ்டிக் கைப்பிடிகளைச் சீவி எறிந்துவிட்டு, பதினான்கு கைப்பிடிகளைக் கம்பியில் வளைத்துப் பொருத்தினேன். மூன்று வாரம், தினமும் இரவில் ஒரு மணி நேரம். முடித்த அன்றே ரயிலோடு கோத்து ஓட்டினேன். வளைவின் மூன்றாவது தண்டவாள மூட்டில் முன்சக்கரம் ஏறியது, வேகன் சாய்ந்தது, மேசை விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது. இரண்டு கைப்பிடிகள் இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்த மூட்டு கெட்டது என்பது எனக்கு இரண்டு வருடமாகவே தெரியும். ஒவ்வொரு முறையும் விரலால் லேசாகத் தட்டிக்கொடுத்து ரயிலைக் கடத்திக்கொண்டிருந்தேன். அதைச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும். அரம் தேடச் சோம்பல்.

அதனால் இப்போது என் வரிசை இது: முதலில் ஓட்டம், அடுத்து நிறம், கடைசியில் நுணுக்கம். என்னுடையது ஹெச்.ஓ. அளவு, அதாவது 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. 2.4 மீட்டருக்கு 1.2 மீட்டர் பலகை. நீங்கள் ‘என்’ (N) எனப்படும் 1:160 அளவில் இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், வேலை மாறாது.

குற்றவாளி தண்டவாளமா, வேகனா?

ஒரே வேகன் பல இடங்களில் தடம் புரண்டால் குற்றம் வேகனிடம். பல வேகன்கள் ஒரே இடத்தில் புரண்டால் குற்றம் தண்டவாளத்திடம். இதைத் தெரிந்துகொள்ள ஒரு காகிதத்தில் பாதையின் படத்தை வரைந்து, புரளும் இடத்தில் எல்லாம் வேகனின் எண்ணை எழுதிவையுங்கள். நான் ஒரு வாரம் இப்படிக் குறித்தேன். பதினொரு புரளல்களில் எட்டு அந்த மூட்டிலேயே நடந்திருந்தன.

மூட்டைச் சோதிக்கக் கண்ணைவிட நகம் நல்லது. தண்டவாளத்தின் உட்புற விளிம்பில் நகத்தை வைத்து இழுங்கள். சிக்கினால் சக்கரத்தின் விளிம்பும் சிக்கும். சிறிய தட்டை அரத்தால் அந்த முனையை உட்பக்கமாக லேசாகச் சரித்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வளைவில் மூட்டு கோணலாக ஒடிந்து நிற்கிறது என்றால் அரம் உதவாது. ஆணிகளைப் பிடுங்கி, இரண்டு துண்டுகளையும் நேராக வைத்துப் பற்றாசு வைத்து இணைத்து, அதன்பிறகு சேர்த்து வளைக்க வேண்டும்.

அடுத்தது மின்சாரம். என் எஞ்சின் பலகையின் மறுகோடிக்குப் போனதும் மூச்சு வாங்கும். மோட்டாரைக் கழற்றி எண்ணெய் விட்டேன், பல்சக்கரங்களைத் துடைத்தேன், பயனில்லை. பிறகு மல்ட்டிமீட்டரை எடுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்தேன். கட்டுப்பாட்டுப் பெட்டியின் அருகே 11.6 வோல்ட், மறுகோடியில் 8.9. மோட்டாரின் மேல் ஒரு குற்றமும் இல்லை. தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சின்ன உலோகத் தகடுகள் மின்சாரத்தையும் கடத்தும் என்று நம்பி விட்டுவிட்டேன். புதிதாக இருக்கும்போது கடத்தும். தளர்ந்து கறுத்தபிறகு அந்த வேலைக்கு ஆகாது. பலகைக்கு அடியில் தடித்த கம்பி இரண்டை ஓட்டி, மீட்டருக்கு ஒரு ஜோடியாக மெல்லிய கம்பிகளைத் தண்டவாளத்துக்கு ஏற்றினேன். சிவப்பு எப்போதும் சுவர்ப்பக்கத் தண்டவாளத்துக்கு, கறுப்பு என் பக்கத்துக்கு. இதில் ஒருமுறை மாறினாலும் குறுக்குச்சுற்றுதான்.

பற்றவைக்கும்போது, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் பிளாஸ்டிக் தாங்குகட்டைகள் உருகும் என்று பயந்து குறைந்த சூட்டில் தடவிக்கொண்டே இருப்பதுதான் அவற்றை உருக்கும். நன்றாகச் சூடேறிய முனையைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கம் இரண்டு மூன்று விநாடி வைத்து எடுத்துவிடுங்கள். இருபுறமும் ஈரத்துணித் துண்டு வைத்தால் இன்னும் நல்லது. உட்பக்கம் வைக்கவே கூடாது, சக்கர விளிம்பு அங்கேதான் ஓடுகிறது.

தண்டவாளம் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். அந்தக் கீறல்களில்தான் அடுத்த வாரத்து அழுக்கு குடியேறும்.

இனி வேகன். எடையைப் பாருங்கள். அமெரிக்காவில் 1935-ல் தொடங்கிய நேஷனல் மாடல் ரெயில்ரோட் அசோசியேஷன் ஹெச்.ஓ. வேகன்களுக்கு ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது: அடிப்படையாக ஒரு அவுன்ஸ், அத்துடன் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். நம் கணக்கில் 28 கிராமும், சென்டிமீட்டருக்கு ஐந்தரை கிராமும். விழுந்த என் வேகனுக்கு ஏறக்குறைய 110 கிராம் வேண்டும். தராசில் 62 காட்டியது. நிலக்கரி குவிக்கப்போகும் இடத்துக்கு அடியில், தரையோடு தரையாக இரும்பு நட்டுகளை ஒட்டி நிரப்பினேன். எடை தாழ்வாக இருக்க வேண்டும். உயரத்தில் ஏற்றினால் வளைவில் அதுவே தள்ளிவிடும்.

பிறகு போகி. பெட்டியையே போகி என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. நான் சொல்வது பெட்டிக்கு அடியில் தனியாகத் திரும்பும் சக்கரத் தொகுதியை. இரண்டில் ஒன்றின் திருகாணியை, அது இடவலமாகத் திரும்பும் ஆனால் ஆடாது என்ற அளவுக்கு இறுக்குங்கள். மற்றதை அரைச் சுற்று தளர்த்தி, எல்லாப் பக்கமும் ஆடவிடுங்கள். முக்காலி எந்தத் தரையிலும் தள்ளாடாமல் நிற்பது போல, வேகனும் மேடுபள்ளத்தில் நான்கு மூலையும் பதிந்து ஓடும். பிளாஸ்டிக் சக்கரங்களை உலோகத்துக்கு மாற்றுங்கள். ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உட்புற இடைவெளி 14.4 மி.மீ. அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். குறுகினால், பாதை பிரியும் பாயிண்டில் ஏறி விழும்.

இந்த வேலைகள் எதுவும் புகைப்படத்தில் தெரியாது. ஆனால் ஒரு மாலை முழுவதும் கை வைக்காமல் ரயில் சுற்றுவதைப் பார்த்தபிறகுதான் எனக்குத் தூரிகையைத் தொடும் தைரியம் வந்தது.

பளபளப்பை ஒழிப்பது

மாதிரியை மாதிரி என்று காட்டிக்கொடுப்பது பளபளப்பு. தண்டவாளத்தின் பக்கவாட்டு வெள்ளி நிறம், தாங்குகட்டைகளின் பிளாஸ்டிக் மினுக்கு, வேகனின் மெழுகு பூசினாற்போன்ற உடல். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கைவசம் இருக்கிறது என்றால் தண்டவாளத்தின் பக்கவாட்டில் வண்ணம் பூசுங்கள். வேறு எந்த வேலையும் இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு மாற்றத்தைத் தராது. துரு என்றதும் ஆரஞ்சை எடுக்காதீர்கள். ரயில்கள் ஓடும் பாதையில் அது எண்ணெயும் பிரேக் தூசியும் சேர்ந்த அடர்பழுப்பு. ஆரஞ்சு, யாரும் எட்டிப்பார்க்காத பக்கப்பாதைக்கு. பூசியதும், காய்வதற்குள் மேல்முகத்தைத் துடைத்துவிடுங்கள்.

இந்தப் பழுப்புக்கு இன்னொரு பலனும் உண்டு. பரவலாகக் கிடைக்கும் கோட் 100 வகைத் தண்டவாளத்தின் உயரம் 2.54 மி.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 221 மி.மீ. வருகிறது. பல நாடுகளின் முக்கியப் பாதைகளில் கிடக்கும் யு.ஐ.சி. 60 தண்டவாளமே 172 மி.மீ. உயரம்தான். அதாவது நம் தண்டவாளம் சற்றுக் கொழுத்தது. அடர்நிறம் அந்தக் கொழுப்பை மறைத்துவிடுகிறது. நான் என் பாதையைப் பிடுங்கிவிட்டு, உயரம் குறைந்த கோட் 75 போட வேண்டும் என்று ஒரு வருடம் புலம்பினேன். வண்ணம் பூசியபிறகு அந்த எண்ணமே போய்விட்டது.

ஜல்லிக்கு வருகிறேன். நிஜ ஜல்லி ஐந்து சென்டிமீட்டர் என்றால் நமக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கடையில் வரும் பொடி பெரும்பாலும் இதைவிடப் பருமன். சலித்து மெல்லியதை எடுங்கள். காய்ந்த நிலையிலேயே தூவி, மென்மையான தூரிகையால் தாங்குகட்டைகளின் மேல்முகம் தெரியும்படி ஒதுக்குங்கள். இங்கே அவசரப்படாதீர்கள், பசை பட்டபின் திருத்த முடியாது. பிறகு ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரைப் பனிபோலத் தெளியுங்கள். சோப்பு இல்லாவிட்டால் பசைநீர் உருண்டு நின்று ஜல்லியைப் பந்துபந்தாகத் திரட்டிவிடும். நனைந்தபின், ஒரு பங்கு வெள்ளைப் பசைக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து சொட்டுசொட்டாக விடுங்கள். ஜல்லி பால்போல வெளுத்ததும் நிறுத்துங்கள். மறுநாள் வரை தொடக்கூடாது.

பாயிண்டுகளின் நகரும் நாக்குக்கு அருகே மட்டும் ஜல்லி போடாதீர்கள், அங்கே பழுப்பு வண்ணம் போதும். என் முதல் பாயிண்ட் நேர்வழியிலேயே நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. ஊசியால் ஒரு முழு மாலை கிளறியும் அசையவில்லை. பெயர்த்தெடுத்துப் புதிதாக வைத்தேன்.

இப்போது கம்பி

கணக்கு எளியது. நிஜக் கைப்பிடி 25 மி.மீ. தடிமன் என்றால் 1:87-ல் 0.29. ஆகவே 0.3 மி.மீ. பித்தளைக் கம்பி. துளைக்கு 0.35 மி.மீ. துளையூசி, விரல்களால் சுழற்றும் சிறு கைப்பிடியில் மாட்டியது. மின்துளைப்பான் வேண்டாம், அதன் வேகத்தில் பிளாஸ்டிக் உருகி ஊசியைக் கவ்விக்கொள்ளும்.

முதலில் பழைய கைப்பிடியைச் சீவாதீர்கள். அதன் இரண்டு முனைகளும்தான் துளை எங்கே வர வேண்டும் என்பதற்கு அடையாளம். முனைக்குச் சற்று உட்புறம் குண்டூசியால் ஒரு பள்ளம் குத்தி, அதில் துளையூசியை வைத்து, அழுத்தாமல் சுழற்றுங்கள். மூன்று சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துகளைத் தட்டுங்கள். எனக்கு நான்கு ஊசிகள் உடைந்தன, நான்கும் சாய்த்துப் பிடித்ததால்தான். இரண்டு துளையும் தயாரானபிறகு, புதிய பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பழைய கைப்பிடியை இழைஇழையாகச் சீவுங்கள்.

கம்பியை ஒவ்வொன்றாக அளந்து வளைத்தால் பதினான்கும் பதினான்கு நீளத்தில் வரும். தடித்த அட்டைத் துண்டு ஒன்றைத் துளைகளுக்கு இடையிலான அகலத்துக்கு வெட்டி, அதன்மேல் வைத்து இரண்டு பக்கமும் மடித்தால் எல்லாம் ஒன்றுபோல அமையும். துளையில் நுழைத்தபின் கைப்பிடிக்கும் உடலுக்கும் நடுவே 0.7 மி.மீ. அட்டைக் கீற்றைச் சொருகுங்கள். நிஜத்தில் விரல்கள் நுழையும் இடைவெளி அது. கம்பி அட்டையைத் தொடும்வரை தள்ளிவிட்டு, வேகனின் உட்பக்கத்திலிருந்து ஊசிமுனையால் சூப்பர் பசை ஒரு புள்ளி. வெளிப்பக்கம் பசை பட்டால் வெள்ளைப் படலம் படர்ந்து காட்டிக்கொடுக்கும். அட்டைக் கீற்றை உடனே உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் வேகனின் உறுப்பாகிவிடும்.

அடிப்பாகத்துப் பிரேக் குழாய்களில் நான் அதிகம் மெனக்கெடுவதில்லை. பக்கவாட்டிலிருந்து நிழலுருவாகத் தெரிவதை மட்டும் சேர்க்கிறேன். வேகனைக் கவிழ்த்துப் பார்ப்பவர் என்னைத் தவிர யாரும் இல்லை.

அழுக்கேற்றுவது கடைசிப் படி. மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துக் காயவிடுங்கள். ஒரு பங்கு அடர்பழுப்பு அக்ரிலிக்குக்கு எட்டு, பத்துப் பங்கு தண்ணீர் கலந்து உடல் முழுவதும் தடவி, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாக மட்டும் இழுங்கள். மழை ஓடும் திசை அது. குறுக்கே ஒரு கோடு விழுந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். கீழ்ப்பகுதிக்கும் போகிகளுக்கும் பேஸ்டல் சுண்ணத்தைப் பொடித்துத் தேயுங்கள். அந்தப் பொடி உங்கள் ஜல்லியின் நிறத்திலேயே இருக்கட்டும். வேகன் அந்தப் பாதையில்தான் ஓடி அழுக்கானது என்று அப்போதுதான் தோன்றும். மேலே மறுபடி வார்னிஷ் அடித்தால் பொடியில் பாதி கண்ணுக்குத் தெரியாமல் போகும், அதனால் முதலிலேயே சற்றுக் கூடுதலாக. வேகன் எண்ணைச் சுற்றி மட்டும் ஈரப் பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடுங்கள். நிஜத்திலும் எண் தெரிய வேண்டும் என்று அந்த இடத்தை யாராவது துடைத்துவைத்திருப்பார்கள்.

சரக்கு ஏற்றும்போது ஒன்று. நிலக்கரியை விளிம்புக்கு மேல் குவிக்கலாம். இரும்புத் தாதுவை அப்படிக் குவிக்காதீர்கள். அதன் கனத்துக்கு வேகன் பாதி நிறையும் முன்பே எடை வரம்பு வந்துவிடும்.

கடைசியாக வேகம். ஒரு மீட்டர் பாதை நம் அளவில் 87 மீட்டர். மணிக்கு அறுபது கிலோமீட்டர் என்றால் அந்த ஒரு மீட்டரைக் கடக்க ஐந்து விநாடிக்குச் சற்று மேல் ஆக வேண்டும். கடிகாரத்தை வைத்துப் பார்த்தபோது என் சரக்கு ரயில் இரண்டு விநாடியில் பறந்துகொண்டிருந்தது. இப்போது ஏழு விநாடி.

விழுந்த வேகனுக்கு இரண்டு கைப்பிடிகளைப் புதிதாக வளைத்துப் போட்டுவிட்டேன். மூலைப்படி ஒன்று வளைந்தது வளைந்தபடியே இருக்கிறது. நிஜ வேகன்களிலும் அந்தப் படிகள் முட்டிமோதி அப்படித்தான் கிடக்கும் என்பதால் அதன் வளைவில் கொஞ்சம் துருப்பொடி மட்டும் தடவினேன்.