‘இன் தி ஹைட்ஸ்’ பிடிக்குமா? வாஷிங்டன் ஹைட்ஸுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

நியூயார்க் போகும் இசை நாடக ரசிகர்கள் கேட்கும் முதல் கேள்வி: “உஸ்நாவியோட கடை எங்க இருக்கு?” உஸ்நாவி, ‘இன் தி ஹைட்ஸ்’ இசை நாடகத்தில் மூலைக்கடை நடத்தும் நாயகன். நிஜத்தில் அப்படி ஒரு கடை கிடையாது. கதை நடக்கும் பேட்டை மட்டும் நிஜம். மன்ஹாட்டன் தீவின் வடக்கே, 155-ஆம் தெருவுக்கு மேலே, மேடும் சரிவுமாகக் கிடக்கும் வாஷிங்டன் ஹைட்ஸ். லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியிருக்கும் இடம். டைம்ஸ் ஸ்கொயர் மாதிரி உங்களுக்காகக் காத்திருக்கும் இடமல்ல. அங்கே காலையில் கடை திறப்பவருக்கும் பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறவருக்கும் நீங்கள் வருவது தெரியாது, தெரியவும் வேண்டாம். போகலாமா என்றால் தாராளமாகப் போகலாம். வேடிக்கை பார்க்கிறவராகப் போகாமல் வாடிக்கையாளராகப் போங்கள், அவ்வளவுதான். எப்படி என்று கீழே.

படி 1: கிளம்பும் முன் நாடகத்தை இன்னொரு முறை கேளுங்கள்

இந்த முறை காதல் பாட்டுகளைத் தாண்டி, வாடகை பற்றி வரும் இடங்களைக் கவனியுங்கள். லின்-மானுவல் மிராண்டா வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எழுத ஆரம்பித்த நாடகம் இது. அவர் வளர்ந்தது பக்கத்துப் பேட்டையான இன்வுட்டில். பிறகு கியாரா அலெக்ரியா ஹூடெஸ் வசனம் எழுத, 2008 மார்ச்சில் பிராட்வேக்கு வந்தது. அந்த ஆண்டே சிறந்த இசை நாடகம் உட்பட நான்கு டோனி விருதுகள்.

கதையில் டானியலாவின் சலூன் வாடகை கட்டுப்படியாகாமல் பிராங்ஸுக்கு இடம் மாறுகிறது. ரொசாரியோ குடும்பம் மகள் படிப்புக்காகக் கார் கம்பெனியை விற்கத் துணிகிறது. ஐஸ் வண்டிக்காரர் பெரிய ஐஸ்கிரீம் வண்டியோடு போட்டி போட்டுத் திண்டாடுகிறார். அதாவது, பேட்டைக்கு மவுசு கூடக் கூட அங்கேயே இருந்தவர்கள் வெளியேற வேண்டிவருகிறது என்பதுதான் கதையே. அந்தக் கதையைக் கேட்டு உருகிவிட்டு, பேட்டைக்குப் போய்ச் சல்லிக்காசு செலவழிக்காமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு வருவது எனக்கு உவப்பாக இல்லை. பின்னால் சொல்லும் எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

படி 2: யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லோரையும் “ஸ்பானிஷ்காரங்க” என்று ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். நாடகத்திலேயே உஸ்நாவி டொமினிகன், ரொசாரியோ குடும்பம் போர்ட்டோ ரிக்கோ, கிளாடியா பாட்டி கியூபாவிலிருந்து வந்தவர். நிஜப் பேட்டையில் பெரும்பான்மை டொமினிகன் மக்கள். 1961-ல் டொமினிகன் குடியரசின் சர்வாதிகாரி த்ருஹியோ கொல்லப்பட்டார். 1965-ல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டு அமெரிக்கப் படையும் இறங்கியது. அதே ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டமும் மாறியது. அப்போது தொடங்கிய வரவு பல பத்தாண்டுகள் நீடித்தது. அதற்கும் முன்னால் இங்கே ஐரிஷ் குடும்பங்களும், ஹிட்லருக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து வந்த யூதர்களும் இருந்தார்கள். இன்றும் ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில் யெஷிவா பல்கலைக்கழகம் இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கிலிருந்து டொமினிகன் தலைநகர் சாந்தோ டொமிங்கோவுக்குக் கிளம்பிய விமானம் நகரத்தின் குவீன்ஸ் பகுதியிலேயே விழுந்து 265 பேர் இறந்தார்கள். இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து இரண்டே மாதத்தில். இறந்தவர்களில் பலர் இந்தப் பேட்டைக்காரர்கள். சன்னலில் கொடியையும் காதில் பச்சாட்டா இசையையும் மட்டும் பார்த்துவிட்டு “எப்பவும் கொண்டாட்டமா இருக்காங்கப்பா” என்று சொல்லத் தோன்றினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

2021-ல் நாடகம் சினிமாப் படமாக வந்தபோது, முக்கிய வேடங்களில் கறுத்த நிறமுள்ள ஆப்பிரிக்க-லத்தீன் நடிகர்கள் இல்லையே என்ற குறை எழுந்தது. மிராண்டாவும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 181-ஆம் தெருவில் பத்து நிமிடம் நடந்தாலே அந்தக் குறை ஏன் எழுந்தது என்று புரியும்.

படி 3: போகும் வழி

வழியை உஸ்நாவியே முதல் பாட்டில் சொல்லிவிடுகிறார்: ‘ஏ’ (A) என்ற சுரங்க ரயிலைப் பிடித்து, ஹார்லெமையும் தாண்டி, 181-ஆம் தெருவில் இறங்க வேண்டும். 42-ஆம் தெருவிலிருந்து சுமார் அரை மணி. முழங்கால் வலி உள்ள பெற்றோரைக் கூட்டிப் போனால் 175-ஆம் தெரு நிலையம் மேல், அங்கே லிஃப்ட் வசதி சரியாக இருக்கும். நியூஜெர்சியில் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னும் சுலபம். ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தைத் தாண்டும் பஸ் ஏறினால் 178-ஆம் தெருப் பக்கம் இருக்கும் பஸ் நிலையத்திலேயே இறங்கலாம்.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. 181-ஆம் தெருவில் கிழக்கே போனால் வருவது வாஷிங்டன் பாலம், அது பிராங்ஸுக்குப் போகும். நாடக மேடையில் பின்னணியாகத் தெரிந்தது மேற்கே இருக்கும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், 1931-ல் திறந்தது. வரைபடத்தில் முழுப் பெயரையும் தட்டுங்கள்.

சனிக்கிழமை முற்பகல் நல்ல நேரம். கடைகள் களைகட்டியிருக்கும், அலுவலக அவசரம் இருக்காது. நாலைந்து பேருக்கு மேல் கூட்டமாகப் போகாதீர்கள். நடைபாதை அகலம் என்றாலும் பாதியைப் பழக்கடைகள் எடுத்துக்கொண்டிருக்கும்.

படி 4: போடேகாவுக்குள் நுழைவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ரசிகர்கள் அதிகம் சொதப்புவது இங்கேதான். போடேகா என்றால் நம்ம ஊர் அண்ணாச்சி கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வாழைக்காய்ப் பெட்டி, உள்ளே கூரை வரை அடுக்கிய சோப்பும் டப்பாவும், கல்லாவுக்குப் பக்கத்தில் லாட்டரிச் சீட்டு, கடைசியில் ஒரு சின்ன அடுப்புக்கல். ரொட்டி மூட்டைமேல் பூனை படுத்திருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

உள்ளே போனதும் “புவேனாஸ்” என்று பொதுவாகச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு வணக்கம் சொன்ன மாதிரி. பதில் வந்தாலும் வராவிட்டாலும் பரவாயில்லை. வரிசை இருக்கிறதா என்று பாருங்கள், பல சமயம் அது கண்ணுக்குத் தெரியாது. யார் முன்னால் வந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும், உங்களைத் தவிர. கொஞ்சம் ஒதுங்கி நின்று, கடைக்காரர் உங்களைப் பார்த்ததும் சொல்லுங்கள். காபி வேண்டுமானால் “உன் கஃபே கோன் லெச்சே, போர் ஃபவோர்”. சர்க்கரை தூக்கலாக இருக்கும், குறைவாக வேண்டுமானால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்திலும் கேட்கலாம், அவர்களில் பலர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். உங்கள் ஸ்பானிஷ் நின்றுபோனால் அவர்களே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள்.

சில்லறையாகப் பத்து, இருபது டாலர் ரொக்கம் வைத்திருங்கள். சின்னத் தொகைக்குக் கார்டு வாங்காத கடைகள் உண்டு. காபியை வாங்கியதும் கல்லாவை விட்டு நகர்ந்துவிடுங்கள். பின்னால் நிற்பவர் வேலைக்குப் போகிறவர்.

செய்யக் கூடாதது: கடைக்காரரிடம் “நீங்கதான் உஸ்நாவியா?” என்று கேட்பது, தொடக்கப் பாட்டை முணுமுணுப்பது, லாட்டரிச் சீட்டைக் கையில் வைத்து, நாடகத்தில் வரும் 96,000 டாலர் பரிசைச் சொல்லி ஜோக் அடிப்பது. உங்களுக்கு அது முதல் தடவை. அவர் எத்தனையாவது தடவை கேட்கிறாரோ!

படி 5: கேமரா

பொது இடத்தில் படம் எடுக்கச் சட்டம் தடுக்காது. அதனால் எடுத்துவிடலாம் என்று அர்த்தமில்லை. கட்டடம், பாலம், சுவர் ஓவியம் ஆகியவற்றைத் தயங்காமல் எடுங்கள். முகம் தெரிகிற மாதிரி என்றால் கேளுங்கள். கேமராவைக் காட்டி “புவேதோ?” (எடுக்கலாமா?) என்றாலே போதும். தலையசைத்து மறுத்தால் சிரித்துவிட்டு நகருங்கள். குழந்தைகளை எடுக்கவே வேண்டாம். கோடையில் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டுப் பிள்ளைகள் நனைந்து ஆடுவது படத்தில் வந்த காட்சி மாதிரியேதான் இருக்கும், இருந்தாலும் வேண்டாம்.

நடைபாதையில் மடக்கு மேசை போட்டு டோமினோ ஆடுகிறவர்களைப் பார்ப்பீர்கள். கட்டையை ஓங்கி மேசையில் அறைகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். நாலடி தள்ளி நின்று பாருங்கள். ஒருவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றால் அவர் கட்டைகள் உங்கள் முகத்தில் தெரிந்துவிடும் என்று முறைப்பார்கள், நியாயம்தானே.

சலூன்களுக்கும் இதே கணக்கு. டொமினிகன் சலூன்களின் முடி அலங்காரம் நியூயார்க் முழுக்கப் பேர் பெற்றது. முடி அலங்கரித்துக்கொள்வதாக இருந்தால் உள்ளே போய் உட்காருங்கள், வம்பும் வசனமும் தானாகக் காதில் விழும். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துப் படம் எடுப்பது அநாகரிகம்.

படி 6: படப்பிடிப்பு நடந்த இடங்கள்

சுருக்கமாக. படத்தில் வந்த போடேகா, 175-ஆம் தெருவும் ஆடுபன் அவென்யூவும் சந்திக்கும் முனை. 2019 கோடையில் படப்பிடிப்புக்காக வேஷம் மாற்றினார்கள், முடிந்ததும் கலைத்துவிட்டார்கள். போனால் சாதாரண முனைதான் இருக்கும். நீச்சல் குளப் பாட்டு எடுத்தது ஹைபிரிட்ஜ் பூங்காவில், 1936-ல் திறந்த பொதுக் குளம். கோடையில் மட்டும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. ஆனால் நீச்சலுடையும் சொந்தப் பூட்டும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், எட்டிப் பார்க்கவெல்லாம் முடியாது. அதே பூங்காவிலிருந்து ஹை பிரிட்ஜ் மேல் நடந்து பிராங்ஸுக்குப் போகலாம். 1848-ல் குடிநீர் கொண்டுவரக் கட்டிய பாலம், நகரத்தில் இன்றும் நிற்கும் பாலங்களில் மிகப் பழையது. குளத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

191-ஆம் தெரு ரயில் நிலையத்தின் சுரங்கப்பாதை கிறுக்கல் ஓவியங்களுக்குப் பேர்போனது. 2023-ல் மாநகராட்சி மொத்தமாக வெள்ளையடித்தது, சுவர் மறுபடி நிறைந்துவிட்டது. பகலில் போங்கள்.

மிராண்டா குடும்பத்தின் வீட்டைத் தேடிக்கொண்டு இன்வுட்டுக்குப் போகாதீர்கள். அவர் எழுதிய இடத்தைப் பார்க்க ஆசை என்றால் 160-ஆம் தெருப் பக்கம் மோரிஸ்-ஜூமெல் மாளிகை இருக்கிறது. 1765-ல் கட்டியது, மன்ஹாட்டனின் மிகப் பழைய வீடு. ‘ஹாமில்டன்’ நாடகத்தின் சில பகுதிகளை அங்கே உட்கார்ந்துதான் எழுதினார். இப்போது அருங்காட்சியகம்.

படி 7: சாப்பிடுங்கள், அங்கேயே சாப்பிடுங்கள்

காலை உணவுக்கு மங்கு: வேகவைத்து மசித்த வாழைக்காய், மேலே வினிகரில் வதக்கிய வெங்காயம். அதோடு பொரித்த சீஸ், சலாமி, முட்டை சேர்த்தால் அதற்கு ‘லோஸ் த்ரெஸ் கோல்பெஸ்’ என்று பேர். சைவம் என்றால் சலாமியையும் முட்டையையும் விட்டுவிட்டுக் கேட்கலாம். பீன்ஸ் குழம்பில் பன்றி இறைச்சி போட்டிருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். குடிக்க மொரீர் சொன்யாந்தோ, அதாவது ஆரஞ்சுச் சாறும் பாலும் ஐஸும். பால் திரியாதோ என்று தோன்றும், பதமாகக் கலக்கினால் திரியாது. வெயில் நாளில் துருவிய ஐஸ் வண்டி கண்ணில் பட்டால் புளிச் சாறு ஊற்றித் தரச் சொல்லுங்கள், நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வையுங்கள்.

படி 8: மிச்ச நேரத்துக்கு

175-ஆம் தெருவும் பிராட்வேயும் சேரும் இடத்தில் யுனைட்டெட் பேலஸ், 1930-ல் திறந்த பிரம்மாண்ட சினிமா அரண்மனை. 2021-ல் படத்தின் பிரீமியர் திரையிடல் இங்கேதான் நடந்தது. நிகழ்ச்சி இருக்கும் நாளில் டிக்கெட் வாங்கி உள்ளே போனால்தான் அதன் அழகு தெரியும். எதிரே தெருவோர வியாபாரிகளின் சதுக்கம் இருக்கிறது. 165-ஆம் தெருவில் ஆம்ஸ்டர்டாம் அவென்யூ மேல் வேர்ட் அப் என்ற புத்தகக் கடை, தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துவது. இங்கே புத்தகம் வாங்குவது நாடகச் சின்னம் போட்ட டிஷர்ட்டைவிட நல்ல நினைவுப்பொருள். அதே தெருவில், பிராட்வே மேல், 1965 பிப்ரவரி 21 அன்று கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் சுடப்பட்ட ஆடுபன் அரங்கம் இருக்கிறது. அவர் பேரிலும் அவர் மனைவி பெட்டி ஷபாஸ் பேரிலும் நினைவு மையமாக நடக்கிறது. கால் மிச்சமிருந்தால் 155-ஆம் தெருவில் ஹிஸ்பானிக் சொசைட்டி அருங்காட்சியகம், ஸ்பெயின் ஓவியர் சொரோயாவின் பிரம்மாண்ட ஓவியங்கள், கட்டணமில்லை.

படி 9: பதிவு போடும்போது

சாப்பிட்ட கடையின் பெயரையும் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள், அவர்களுக்கு வியாபாரம் நடக்கும். யாராவது குடியிருக்கும் கட்டடத்தின் வாசலைப் போட்டு முகவரி சேர்க்காதீர்கள். “ரகசிய இடம்”, “யாருக்கும் தெரியாத பேட்டை” போன்ற தலைப்புகளும் வேண்டாம், அங்கே குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும். முக்கியமாக, ஏதோ ஒரு போடேகாவின் படத்தைப் போட்டு “இதுதான் நிஜ உஸ்நாவி கடை” என்று எழுதிவிடாதீர்கள். அடுத்த சனிக்கிழமையே நாலு பேர் அந்த மனிதரிடம் போய் ராப் பாடச் சொல்வார்கள், காபி வாங்க நிற்கும் வரிசையை மறித்துக்கொண்டு.