மீன் கழிவு உரம்: சுண்ணாம்பு மூட்டையைத் தொடாதீர்கள்

போன வாரம், புதிதாகக் கெண்டைப் பண்ணை தொடங்கிய தம்பி ஒருவர் தன் உரக் குவியலைக் காட்டக் கூப்பிட்டார். கிட்டப் போவதற்குள் கண் எரிந்தது. குவியலின் மேல் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே வேலை! நாய் கிளறும், ஈ மொய்க்கும் என்பதெல்லாம் இரண்டே நாளில் தானாகத் தெரிந்துவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

சுண்ணாம்பு

குளம் தயார் செய்ய வாங்கிய சுண்ணாம்பில் எப்படியும் ஒரு மூட்டை மிஞ்சிக் கிடக்கும். செத்த மீனும் குடலும் நாறும்போது கை நேரே அங்கேதான் போகும். தூவினால் மீன் வாடை அடங்கியதுபோல் இருக்கும். அப்புறம் மூக்கைத் துளைக்கும் வேறொரு நெடி கிளம்பும். அது அம்மோனியா. மீனின் புரதம் சிதையும்போது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அம்மோனியமாக ஈரத்தில் கரைந்து நிற்கிறது. சுண்ணாம்பால் காரத்தன்மை ஏறியதும் அது வாயுவாகிப் பறந்துவிடும். எதற்காக இத்தனை நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டோமோ, அதுவே கைவிட்டுப் போய்விடுகிறது. அந்த வருடம் என் கத்தரிச் செடிகள் வெளிறி நின்றன. கடைசியில் யூரியா வாங்கினேன். மீன் பண்ணை வைத்துக்கொண்டு யூரியா! வீட்டில் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள். அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டினாலும் இதே கதைதான்.

நாற்றம் வந்தால் பெரும்பாலும் கார்பன் போதவில்லை என்று பொருள். நைட்ரஜன் 1 பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு வேண்டும்; வெறும் மீனில் 5 பங்கு இருந்தாலே அதிகம். நான் ஒரு கூடை மீனுக்கு மூன்று கூடை மரத்தூள் போடுகிறேன். நறுக்கிய வைக்கோல், தென்னை நார்க் கழிவு கலந்தாலும் சரி. அடியில் ஓர் அடிக்கு மெத்தை, மீனுக்கு மேலும் ஓர் அடிக்கு மூடாக்கு. பிறகும் வாடை வந்தால் இன்னும் இரண்டு கூடை மேலே கொட்டுங்கள், அவ்வளவுதான்.

ஈரம்

குவியலில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கு நனைய வேண்டும், சொட்டக் கூடாது.

உவர் இறால் குளத்துச் சேறு

உப்பு. தோட்டத்துக்கு வேண்டாம்.

அவசரக் கிளறல்

முதல் இரண்டு வாரம் கையை வைக்காதீர்கள். சதை கரையுமுன் கிளறினால் ஊரே கூடிவிடும். நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி வையுங்கள். உருவும்போது பிடிக்க முடியாத அளவு சுட்டால் உள்ளே வேலை நடக்கிறது. சூடு தணிந்த பிறகு ஒருமுறை புரட்டி, காய்ந்திருந்தால் தண்ணீர் தெளித்து மறுபடி மூடுங்கள். பெரிய மீனின் தலையெலும்பு அப்போதும் கிடக்கும். சலித்தெடுத்து அடுத்த குவியலில் போடலாம்.